பெரியநாயகியின் கால் அளவு

பெரியநாயகிக்கு ஐரோப்பா போவதில் தயக்கம் எதுவும் இல்லை. விசா வந்துவிட்டது. மே மாதத்துக்கு டிக்கெட் போட்டாயிற்று. பெல்ஜியத்தில் வேலை பார்க்கும் மகள் வளர்மதி, பாரிஸ், ரோம், சுவிட்சர்லாந்து என்று பன்னிரண்டு நாளுக்குத் திட்டம் எழுதி அனுப்பியிருந்தாள். எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, வளர்மதி வீடியோ காலில் வந்து ஷூவைப் பற்றிப் பேச்செடுக்கும் வரை.

"அம்மா, ஒரு நாளைக்குப் பதினஞ்சாயிரம் அடி நடக்கணும். பாதி ரோடு கல்லு பாவுனது. செருப்பு போட்டுக்கிட்டு வந்தின்னா மொத நாளே உக்காந்துடுவ. நல்ல வாக்கிங் ஷூவா வாங்கு. அதுக்காக டிராக்டர் டயரு மாதிரி ஒண்ண மாட்டிக்கிட்டு வந்து நிக்காத. போட்டோவுல காலும் தெரியும்."

அந்தக் கடைசி வார்த்தையில்தான் பெரியநாயகி மாட்டிக்கொண்டாள். அவள் கால் எந்தப் போட்டோவிலும் தெரிந்ததில்லை. சேலையைத் தரையில் புரள்கிற மாதிரிக் கட்டுவாள். செருப்பு வாங்கப் போனால் தனியாகப் போவாள். பழைய செருப்பைத் துணிப்பையில் எடுத்துப் போய், "இதே அளவு" என்று காட்டி, போட்டுக்கூடப் பார்க்காமல் வாங்கி வந்துவிடுவாள். அவள் கால் என்ன நம்பர் என்பது விருத்தாசலத்தில் யாருக்கும் தெரியாது, கட்டிய புருஷன் உட்பட. தன் கால் பெரிய கால் என்று அவளுக்கு அப்படியொரு வெட்கம்.

வளர்மதி விடவில்லை. பத்துப் பன்னிரண்டு ஷூ படம் அனுப்பினாள். அதில் ஒன்று பெரியநாயகியைப் பிடித்துக்கொண்டது. வெங்காயக் கலர், அடியில் பால் வெள்ளை, பக்கவாட்டில் ஒரே ஒரு பொன் கோடு. சமையலுக்கு நடுவில் கையைத் துடைத்துக்கொண்டு போய் அந்தப் படத்தை நாலு தடவை பார்த்தாள். அது சென்னையில் ஒரு பெரிய கடையில்தான் கிடைக்குமாம். பெரிய கடையென்றால் ஒருவர் மண்டி போட்டு உட்கார்ந்து காலைப் பிடித்துப் பார்ப்பார். அதை நினைத்ததும் படத்தை மூடிவிட்டாள்.

"எனக்கு ஷூவும் வேணாம், ஒண்ணும் வேணாம். நீங்க போயிட்டு வாங்க" என்றாள் புருஷனிடம்.

புருஷன் மாணிக்கவேல் பீங்கான் பட்டறைகளுக்கு மோல்டு செய்து கொடுக்கிறவர். டீ கப்போ, பொம்மையோ, அவர் செய்த பிளாஸ்டர் மோல்டு என்றால் தொழிற்பேட்டையில் யாரும் மறு பேச்சு பேசமாட்டார்கள். பேசவும் முடியாது. அளவு விஷயத்தில் அவரிடம் வாய் கொடுத்தால் அரை நாள் போய்விடும். ஆர்டர் விஷயமாக அடுத்த வாரம் அவர் சென்னை போகவேண்டியிருந்தது.

"நீ கடைக்கு வர வேணாம். உன் காலோட மோல்டு வந்தா போதும்" என்றார்.

ஒரு காகிதத்தில் காலை வைத்துப் பென்சிலால் கோடு இழுத்திருந்தால் அரை நிமிஷத்தில் வேலை முடிந்திருக்கும். அப்படிச் செய்தால் அவர் மாணிக்கவேல் இல்லையே.

ஞாயிற்றுக்கிழமை, ஆளில்லாத பட்டறையில், பெரியநாயகி இரண்டு காலையும் பிளாஸ்டர் கரைசலில் வைத்து உட்கார்ந்தாள். கரைசல் இறுக இறுகச் சூடு ஏறியது. "ஆடாத நாயகி. பெருவிரலக் கொஞ்சம் விரி. ஆங், அப்படியே" என்று அவர் மூச்சுவிடாமல் குனிந்திருந்தார். கல்யாணமாகி முப்பத்தொரு வருஷத்தில் அவர் இவ்வளவு நேரம் அவள் காலைப் பார்த்ததில்லை. அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கொஞ்சம் பிடித்தும் இருந்தது.

மோல்டில் களிமண் கூழை ஊற்றி, காயவைத்து, சூளையில் சுட்டு, மூன்றாம் நாள் ஒரு ஜோடி வெள்ளைக் காலை வீட்டுக்குக் கொண்டுவந்தார். குதிகால் வெடிப்பு கூட அச்சு அசலாக விழுந்திருந்தது. பெரியநாயகி ஓரக்கண்ணால் ஒரு தரம்தான் பார்த்தாள்.

"யாரோ செத்தவங்க காலு மாதிரி இருக்குது. மொதல்ல துண்டப் போட்டு மூடுங்க."

அவர் வைக்கோல் சுற்றிப் பையில் வைத்து, மடியில் பிள்ளையைப் போல ஏந்திக்கொண்டு ரயிலேறினார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பெட்டியோடு வந்தார். வெங்காயக் கலர், பால் வெள்ளை, பொன் கோடு. படத்தில் இருந்ததைவிட நேரில் அழகு. பெரியநாயகி கட்டிலில் உட்கார்ந்து காலை நுழைத்தாள்.

பாதிதான் போனது.

லேஸை முழுக்க அவிழ்த்துப் பார்த்தாள். பவுடர் போட்டுப் பார்த்தாள். மாணிக்கவேல் சமையலறையிலிருந்து கரண்டிக் காம்பை எடுத்து வந்து குதிகாலில் கொடுத்து நெம்பினார். நகம் பிய்ந்ததுதான் மிச்சம்.

"என் மோல்டு தப்பாவாது" என்றார் அவர், ஷூவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபடி. "கடையில போட்டுப் பாத்தேன், அப்படியே கச்சிதமா உக்காந்துச்சு. ஒரு வாரத்துல காலு எப்படி இவ்ளோ பெருசாச்சு?"

பெரியநாயகி கட்டிலை விட்டு எழுந்தாள். பின்கட்டுக்குப் போய்ப் பாத்திரம் கழுவுகிற சாக்கில் அழுதாள். அவளுக்குக் கல்யாண மண்டபம் ஞாபகம் வந்தது. அம்மி மேல் காலை வைத்ததும் மாணிக்கவேல் மெட்டியைப் போடக் குனிந்தார். மெட்டி விரலில் ஏறவில்லை. அமுக்கினார், திருகினார், ஏறவேயில்லை. "பொண்ணுக்கு இருக்குறது காலா ஒரலா" என்று மாப்பிள்ளை வீட்டுப் பக்கம் யாரோ கேட்க, மண்டபமே சிரித்தது. அன்றைக்குத் தரை வரை இறக்கிய சேலைதான். இந்த வெள்ளிக்கிழமை ராத்திரி மகளுக்கு வாட்ஸ்அப்பில் பேசிப் போட்டாள். "நான் வரல பாப்பா. அப்பாவ மட்டும் அழைச்சிக்கிட்டுப் போ." மகளைப் பார்த்து இரண்டு வருஷம் ஆகிறது. சொல்லிவிட்டுப் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

மறுநாள் காலை மாணிக்கவேல் முறைத்துக்கொண்டு சோற்றுப் பாத்திரத்தை எடுக்காமலே பட்டறைக்குப் போய்விட்டார். கோபம் வேறு, பசி வேறு. மத்தியானம் அவளே எடுத்துக்கொண்டு போனாள். அவர் பக்கத்துக் கலியமூர்த்தி பட்டறையில் சூளை திறக்கப் போயிருந்தார். பலகை மேல் அவள் காலின் மோல்டு திறந்து கிடந்தது. மேசைக்கடியில் பை.

என்ன தோன்றியதோ, பெரியநாயகி மோல்டின் கீழ்ப் பாதியைத் தரையில் இறக்கிக் காலை வைத்தாள். கால் அதில் அப்படியே பொருந்தியது. கால் வீங்கவும் இல்லை, வளரவும் இல்லை. பிறகு பையிலிருந்து அந்த வெள்ளைக் காலை எடுத்து அதே மோல்டில் வைத்தாள். அது கடகடவென்று ஆடியது. முன்னால் இரண்டு விரற்கடை இடம் சும்மா கிடந்தது.

பெரியநாயகி அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். முப்பத்தொரு வருஷமாகச் சாப்பாட்டு நேரத்தில் இந்த மனுஷன் யார் யாரைத் திட்டினாரோ, அத்தனையும் இந்த ஒரே தப்புக்காகத்தான். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் ஓடிப்போய்ச் சொல்லிவிடவில்லை. அவ்வளவு சுலபமாகச் செலவழிக்கிற விஷயமா இது? காலைப் பையில் வைத்துவிட்டு, இலையைப் போட்டுக் காத்திருந்தாள்.

அவர் வந்து உட்கார்ந்தார். சோற்றைப் பிசைந்தார்.

"ஏங்க, ஒரு சந்தேகம். டீ கப்பு பத்து சென்டிமீட்டர் ஒசரம் வேணும்னு ஒருத்தரு கேட்டா, மாடலை எவ்ளோ ஒசரம் செய்வீங்க?"

"பதினொண்ணு, பதினொண்ணரைக்கு நெருங்கிச் செய்யணும்" என்றார் அவர். கோபமெல்லாம் போய் முகத்தில் வாத்தியார் களை வந்துவிட்டது. "மண்ணு காயறப்ப கொஞ்சம் சுருங்கும், சூளையில இன்னும் சுருங்கும். நூத்துக்குப் பன்னெண்டு போயிடும். அது தெரியாம எவனாச்சும் இருக்குற அளவுக்கே மோல்டு எடுத்தான்னு வையி, அவனவிட முட்டாளு..."

கை வாய்க்குப் போகிற வழியில் நின்றுவிட்டது.

"சாப்புடுங்க, சாப்புடுங்க" என்றாள் பெரியநாயகி. "அவனவிட முட்டாளு?"

மாணிக்கவேல் மேசைக்கடியில் இருந்த பையைப் பார்த்தார். மோல்டைப் பார்த்தார். அவள் காலைப் பார்த்தார். அவர் காது மடல் சிவந்துபோயிற்று.

"கலியமூர்த்தி பட்டறையில இதச் சொல்லிடாத" என்றார் மெல்ல.

"யோசிக்கறேன்."

சோற்றை மறுபடி பிசைந்தார். பிறகு தலை நிமிராமல் சொன்னார். "அன்னிக்கு அந்த மெட்டியும் அப்படித்தான் நாயகி. உன் விரல் அளவு கேட்டு வாங்கச் சொன்னாங்க எங்க அம்மா. நான் கேக்காமலே ஒரு குத்துமதிப்புல வாங்கிட்டேன். மண்டபம் சிரிச்சப்போ சொல்லியிருக்கணும். வாய் வரல."

பெரியநாயகி கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்தாள். கோபம்தான் வந்தது, அதுவும் சாதாரணக் கோபம் இல்லை. முப்பத்தொரு வருஷம் தரையைக் கூட்டிய அத்தனை சேலைக்கும் சேர்த்து வந்தது. ஆனால் கையில் பிசைந்த சோற்றோடு, திருடி மாட்டிக்கொண்டவரைப் போல உட்கார்ந்திருக்கிற மனுஷனை என்ன செய்வது? மோர் ஊற்றினாள்.

"கடையில எத்தினி பேரு பாத்தாங்க அந்தக் கால?"

"எல்லாரும் பாத்தாங்க" என்றார், தப்பித்த சந்தோஷத்தில் யோசிக்காமல். "கவுண்டர் மேல வெச்சேன்ல. ஷூவ மாட்ட ரெண்டு பேரு பிடிச்சாங்க. ஏழெட்டுப் பேரு போட்டோ கூட எடுத்தாங்க. என் வூட்டுக்காரம்மா காலு, நானே செஞ்சதுன்னு சொன்னேன்."

பெரியநாயகி தலையில் கையை வைத்துக்கொண்டாள். விருத்தாசலத்துக்கே காட்டாத காலைப் பட்டணம் முழுக்கப் பார்த்தாயிற்று. வெடிப்பு கூட விடாமல். இனி எதை மறைத்து என்ன ஆகப்போகிறது என்று நினைத்தபோது, பயப்படுவதற்குப் பதிலாக உடம்பு லேசானது.

"நாளைக்கு நானே வரேன். மாத்திக்கிட்டு வரலாம்" என்றாள்.

ஞாயிறு காலை ரயிலில் போனார்கள். கடையில் கூட்டம். வெங்காயக் கலர் ஷூவை மாற்ற வேண்டும் என்றதும் ஒரு பெண் வந்தாள். சட்டையில் பூர்ணிமா என்று பெயர் குத்தியிருந்தது. மாணிக்கவேல் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அளவு என்னன்னா..." என்று ஆரம்பித்தார்.

"நீங்க செத்த சும்மா இருங்க" என்றாள் பெரியநாயகி.

அவள் உட்கார்ந்து, சேலையைக் கணுக்கால் வரை தூக்கி, காலை நீட்டினாள். பூர்ணிமா அளவுத் தகடு வைத்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கத்தில் ஆள் இருக்கிறதே என்று குரலை இறக்கி, "ஏழு வருதும்மா. லேடீஸ்ல நெறைய பேருக்கு ஆறே போதும். வேணும்னா ஆறு போட்டுப் பாக்கறீங்களா?" என்று கேட்டாள். நல்ல பெண். மனம் நோகக்கூடாது என்று கேட்டாள்.

அந்த நேரம் பார்த்து வளர்மதியின் வீடியோ கால் வந்தது. "அம்மா, அப்பா சொன்னாரு. நெசமாவே கடைக்கு வந்துட்டியா? எந்த சைஸு, சொல்லு, இங்கயும் தேடிப் பாக்கறேன்."

பெரியநாயகி போனைத் திருப்பித் தன் காலுக்கு நேராகப் பிடித்தாள். பக்கத்தில் ஷூ போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பினார்கள். திரும்பட்டும் என்று இருந்தது அவளுக்கு.

"நல்லாப் பாத்துக்க பாப்பா. ஏழாம் நம்பரு" என்றாள், கடை முழுக்கக் கேட்கும்படி.