மிஸ்டர் சுப்புராயன்

பாழாய்ப்போன அந்த ஆன்லைன் ஃபாரம் இனிஷியலை ஏற்றுக்கொண்டிருந்தால் சுவேதாவுக்கு இந்தப் பாடே வந்திருக்காது. ‘லாஸ்ட் நேம்’ கட்டத்தில் ‘எஸ்’ என்று போட்டாள், சிவப்புக் கோடு காட்டியது. பாகூர் பிரவுசிங் சென்டர்க்காரர் வேறு மணியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சரி, தொலையட்டும் என்று அப்பா பெயரை முழுசாக அடித்துவிட்டாள். போன் நம்பரும் அப்பாவுடையதுதான். வீட்டில் ஒரு போனுக்குத்தான் ரீசார்ஜ் போட முடியும். அவள் போன் செத்துப் பத்து நாளாகிறது.

வில்லியனூர் பக்கத்தில் ஒரு மருந்துக் கம்பெனி, கணக்குப் பிரிவு வேலை. பி.காம் முடித்து எட்டு மாதத்தில் இது ஐந்தாவது இண்டர்வியூ. இதுவும் போனால் திங்கட்கிழமையிலிருந்து துணிக்கடையில் நிற்க வேண்டியதுதான் என்று அம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். அம்மாவைக் குற்றம் சொல்லியும் பிரயோசனமில்லை. ஒவ்வொரு தடவையும் பஸ்ஸுக்கும் ஜெராக்ஸுக்கும் அவள்தான் எங்கே போவாள்?

குருவிநத்தத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி ஒன்பது மணிக்கே வந்து உட்கார்ந்தாள். ஃபைலில் சர்டிபிகேட்டெல்லாம் இருக்கிறதா என்று நாலு தடவை திறந்து பார்த்தாள். ஒவ்வொருத்தராக உள்ளே போய்வந்தார்கள். ஒரு பெண் கதவைத் திறந்து, “மிஸ்டர் சுப்புராயன்” என்று கூப்பிட்டாள். அந்தப் பதற்றத்திலும் சுவேதாவுக்குச் சிரிப்பு வந்தது. அவள் அப்பாவை ஊரில் அப்படிக் கூப்பிட ஒரு ஜென்மம் கிடையாது. நிலத்துக்காரர் தணிகைவேலுக்கும் அவர் ‘சுப்பா’தான், அந்த வீட்டில் நேற்று பேச ஆரம்பித்த வாண்டுக்கும் ‘சுப்பா’தான். யாரோ கொடுத்துவைத்த மனுஷன் என்று திரும்பிக்கூடப் பார்த்தாள். யாரும் எழுந்திருக்கவில்லை. இன்னும் ரெண்டு தடவை கூப்பிட்டுவிட்டு அந்தப் பெண் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ரெண்டரை மணிக்கு நாற்காலியெல்லாம் காலி, இவள் மட்டும் மிச்சம். அப்போதுதான் ஃபாரத்தில் தான் அடித்த பெயர் உறைத்தது. ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள்.

“நான்தான் மேடம் சுப்புராயன்.”

உள்ளே அதிகாரி பேனாவை மூடி வைத்திருந்தார். அவளை ஒரு மாதிரி பார்த்துவிட்டு மறுபடி திறந்தார். டேலியில் மூன்று, ஜிஎஸ்டியில் நாலு கேள்வி. தட்டுத்தடுமாறினாலும் எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். செலக்ட் ஆனால் அஞ்சு மணிக்குள் போன் வரும், போனில் ஆள் கிடைக்காவிட்டால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும் என்றார்.

பஸ் கரிக்கலாம்பாக்கம் தாண்டியபோது அடுத்த இடி இறங்கியது. போன் அப்பாவின் சட்டைப் பையில். இவளுக்காக லிஸ்டையா திருத்தப்போகிறார்கள்? அந்தப் பெயரைத்தான் கேட்பார்கள். டிரைவரோ கை காட்டியவனுக்கெல்லாம் நிறுத்தி நிறுத்தி உருட்டிக்கொண்டிருந்தார். அந்த மனுஷனை மனசுக்குள் திட்டாத திட்டு இல்லை.

வீட்டுக்கு ஓடி வந்தபோது மணி நாலு ஐம்பது. அப்பா கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். போன் வந்ததா என்று மூச்சு வாங்கக் கேட்டாள்.

“வந்துச்சும்மா. மிஸ்டர் சுப்புராயனான்னு இன்னாமோ கேட்டாங்க. நம்பள யாரு அப்டி கூப்புடப்போறா? ராங் நம்பர்னு வெச்சுட்டேன்.”

அவரைத் திட்டி என்ன பயன்? காலையில் அவளும் இதையேதானே செய்துவிட்டு உட்கார்ந்திருந்தாள்.

திருப்பிக் கூப்பிடலாம் என்று அவள் கையை நீட்டுவதற்குள் போன் மறுபடி அடித்தது. அப்பா பழக்கத்தில் எடுத்துக் காதில் வைத்துவிட்டார். ‘மிஸ்டர் சுப்புராயன்?’ என்று போனுக்குள் கேட்ட குரல் இவளுக்கும் எட்டியது. அப்பா முழித்தார்.

“அது நீதாம்பா,” என்றாள் சுவேதா. “ஆமான்னு சொல்லு.”

சுப்புராயன் டீ டம்ளரைக் கீழே வைத்தார். கட்டிலைவிட்டு எழுந்து நின்றுகொண்டு, “ஆமாங்க,” என்றார்.