லிட்டருக்கு எத்தனை கொடுக்குது?

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி ஆனால் என் அண்ணன் போன் பண்ணுவான். “என்ன வாலு, லிட்டருக்கு எத்தனை கொடுக்குது?” இதுதான் முதல் கேள்வி. பதினான்கு மாதம், ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. ‘தானாடாவிட்டாலும் தன் தசையாடும்னு சும்மாவா சொன்னாங்க’ என்று பக்கத்து வீட்டு அக்காவிடம் பெருமை வேறு அடித்திருக்கிறேன். அந்த வாயை இப்போது எதைப் போட்டுக் கழுவுவது?

அவன் ஓட்டிக்கொண்டிருந்த ஹைபிரிட் காரைத்தான் நான் வாங்கினேன். பெட்ரோலோடு பேட்டரியும் சேர்ந்து இழுக்கிற வண்டி, அதனால் பெட்ரோல் குறைவாகக் குடிக்கும். என் பிழைப்பு அப்படி. நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதத்தில் விழுந்தவர்கள், இடுப்பெலும்பு முறிந்தவர்கள் என்று ஒரு நாளைக்கு ஆறு வீடு ஏறி இறங்கி, அவர்களுடைய கையையும் காலையும் அசைய வைக்க வேண்டும். என்னிடம் இருந்த பழைய காருக்கு எவ்வளவு பெட்ரோல் போட்டாலும் காணாது. எனக்கென்று சொந்தமாக ஒரு அறை, நாலு கட்டில், சுவரில் ஆளுயரக் கண்ணாடி, நோயாளிகள் என்னைத் தேடி வர வேண்டும். இதற்காகவே பத்து வருஷம் சேர்த்த பணம் பேங்கில் இருந்தது.

“அதை எடுத்து இந்த வண்டியில போடு. பெட்ரோல்ல மிச்சமாகுற காசுலயே மூணு வருஷத்துல ரூம் போட்டுடலாம். நான் சொல்றேன்ல?” என்று அண்ணன் வண்டியின் திரையைக் காட்டினான். லிட்டருக்கு இருபத்து நான்கு கிலோமீட்டர் என்று இருந்தது. எனக்கு வண்டியைப் பற்றி என்ன தெரியும்? அண்ணன் சொன்னால் சரி.

முதல் மூன்று மாதம் சொர்க்கம். சிக்னலில் நின்றால் இஞ்சின் தானாக அணைந்துவிடும். பக்கத்தில் நிற்கிற வண்டிகளெல்லாம் உறுமிக்கொண்டிருக்க, நான் மட்டும் சத்தமில்லாமல் உட்கார்ந்திருப்பேன். பிறகு இருபத்து நாலு இருபத்திரண்டானது. பிறகு பத்தொன்பது.

“உன் கால் கனம் வாலு. ஆக்சிலேட்டரை மிதிக்காதே, தடவிக் கொடு” என்றான். தடவிக் கொடுத்தேன். பதினெட்டு. “ஏசி போடுறியா? அதான் விஷயம்” என்றான். ஒரு கோடை முழுக்கக் கண்ணாடியை இறக்கிவிட்டு, கழுத்தில் துண்டைப் போட்டுக்கொண்டு ஓட்டினேன். நான் வந்து நின்ற கோலத்தைப் பார்த்துப் படுக்கையில் கிடந்த ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர், “நான் எழுந்துக்கறேன்மா, நீங்க கொஞ்ச நேரம் படுங்க” என்றார். அவருக்கு அப்போது ஒரு பக்கம் சுத்தமாக அசையாது.

பின் சீட்டுக்குப் பக்கத்தில் ஒரு மின்விசிறி எந்நேரமும் இரைய ஆரம்பித்தது. “அது அப்படித்தான் கத்தும்” என்றான். கம்பெனி வொர்க்‌ஷாப்பில் காட்டட்டுமா என்று கேட்டேன். “ஐயோ, அங்கே போகாதே, தோலை உரிச்சிடுவானுங்க. நம்ம ஆளுகிட்டயே ஆயில் மாத்திக்கோ” என்றான். பதினாறுக்கு இறங்கிய வாரம், “சிவப்பு விளக்கு ஏதாவது எரியுதா?” என்று கேட்டான். இல்லை என்றேன். “அப்பாடா” என்று பெருமூச்சு விட்டான். பாவம், அண்ணனுக்கு என்மேல் எவ்வளவு கவலை என்று உருகினேன். என்னை எதால் அடிப்பது?

போன செவ்வாய்க்கிழமை, நாலாவது வீட்டுக்கும் ஐந்தாவது வீட்டுக்கும் நடுவில், வண்டி பல்லை இளித்துவிட்டது. இழுத்துப் போக வந்த ஆள் நேராகக் கம்பெனி வொர்க்‌ஷாப்பில் கொண்டுபோய் விட்டான். மெக்கானிக் நம்பரைத் தட்டிப் பார்த்தார்.

“அட, இது நம்ம சாரோட வண்டியாச்சே. பின் சீட்டுக்கு அடியில இருக்கிற பெரிய பேட்டரி போயிடுச்சும்மா. இன்னும் ஒரு வருஷம் தாங்கினாலே அதிசயம்னு அப்பவே சொன்னேனே. சொன்னதுக்குக் கையெழுத்துக்கூட வாங்கி வெச்சிருக்கோம்.”

தாளை எடுத்துக் காட்டினார். அண்ணனின் கையெழுத்தேதான். நான் பணம் கொடுத்ததற்கு ஒன்பது நாள் முந்தைய தேதி. புதுப் பேட்டரி என்ன விலை என்று கேட்டேன். சொன்னார். “இந்த வண்டியில நீங்க மிச்சம் பிடிக்கிற பெட்ரோலு அஞ்சு வருஷம் ஆனாலும் இதுக்குக் காணாதும்மா” என்று அவராகவே சொன்னார், நல்ல மனுஷர். என் நாலு கட்டிலும் ஆளுயரக் கண்ணாடியும் அங்கேயே போயின. மண் குதிரையை நம்பி ஆற்றில் இறங்கியிருக்கிறேன்.

தாளை நகலெடுத்துக்கொண்டு, இரண்டு பஸ் மாறி அண்ணன் வீட்டுக்குப் போனேன். வாசலில் அவனுடைய புதுக் கார் நின்றது. கதவைத் திறந்த அண்ணி என் கையிலிருந்த தாளைப் பார்த்தாள். “வா” என்றுகூடச் சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். ஆக, அவளுக்கும் தெரியும்.

“இது உன் கையெழுத்துதானே?”

அண்ணன் தாளைத் திருப்பிக் கொடுத்தான். “அவனுங்க அப்படித்தான் பயமுறுத்துவானுங்க. எப்படியும் ரெண்டு மூணு வருஷம் ஓடும்னு நினைச்சேன்.”

“ஓடும்னா நீயே ஓட்டியிருக்க வேண்டியதுதானே? இல்ல, வெளியாளுக்கு வித்திருக்க வேண்டியதுதானே? நான்தானா கிடைச்சேன் உனக்கு?”

“வெளியாள்னா சும்மா இருப்பானா? சண்டைக்கு வருவான், கேஸ் போடுவான்.” ஏதோ எனக்கு விளங்காத விஷயத்தை விளக்குகிறவன்போல நிதானமாகச் சொன்னான். “நீ என் தங்கச்சி. நீ அப்படியெல்லாம் பண்ண மாட்டே.”

அடப்பாவி. கத்த வேண்டும் என்றுதான் வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போயிருந்தேன். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டேன். அவன் கணக்கு சரிதான். நான் சண்டை போடவில்லை, கேஸும் போடவில்லை. பஸ்ஸில் அழுதேன், அவ்வளவுதான்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மன்னிப்புக் கேட்டால் என்ன சொல்வது, கேட்காவிட்டால் எப்படிக் கிழிப்பது, எல்லாம் தயார். எட்டு ஆனது. எட்டரை ஆனது. ஒன்பதுக்குத்தான் எனக்கு உறைத்தது. பதினான்கு மாதத்தில் ஒரு தடவைகூட அவன் என்னை, ‘சாப்பிட்டியா, உடம்பு எப்படி இருக்கு’ என்று கேட்டதில்லை. வாராவாரம் விசாரித்ததெல்லாம் பேட்டரியைத்தான். அது செத்துவிட்டது. இனி எனக்கு எதற்குப் போன் பண்ணப் போகிறான்?