பாலில் கரையாத காற்றாடி

இளவழகன் அரத்தை அழுத்தித் தேய்த்தான். காற்றாடி இறக்கையின் கறுப்புப் பூச்சு சுருள் சுருளாக உதிர்ந்தது. அதற்குக் கீழே இரும்பு பளபளக்கும் என்று நினைத்திருந்தவன், பழுப்பு நிறத்தில் பொடி கொட்டுவதைப் பார்த்துக் கையை நிறுத்தினான்.

"என்ன எழவு இது, மரமா?"

"மரந்தான்," என்றாள் கொல்லைக் கதவில் சாய்ந்து நின்ற அவன் தங்கை செம்மொழி. "அப்பா எத்தனை தடவ சொல்லியிருக்காரு. நீ எங்க கேட்ட?"

"மரமோ இரும்போ, தூள் வந்தா சரி," என்றாள் ராசம்மாள் அத்தை. கிண்ணத்தில் பாலோடு காத்திருந்தாள்.

இரண்டாம் உலக யுத்தகாலத்தில் தஞ்சாவூர் விமானத் தளத்திலிருந்து பறந்த ஒரு சண்டை விமானம் பூதலூர்ப் பக்கத்து ஏரியில் விழுந்தது. விமானத்தின் உடலை ராணுவம் அள்ளிக்கொண்டு போனது. மூக்கிலிருந்த மூன்று இறக்கைக் காற்றாடி மட்டும் சேற்றுக்குள் தங்கிவிட்டது. பல வருஷம் கழித்துத் தூர்வாரப் போன, அப்போது இளைஞரான அப்பா நல்லக்கண்ணுவின் மண்வெட்டியில் அது தட்டியது. அவர் பிறகு பஸ் டிப்போவில் மெக்கானிக் ஆனார். காற்றாடியைக் கழுவிக் கொல்லையில் ஓர் இரும்புத் தூணில் மாட்டினார். மெல்லிய மரத்தகடுகளைப் பசை தடவி அடுக்கி, பெரிய அழுத்தத்தில் இறுக்கிச் செய்த இறக்கைகள். முன்னோரத்துக்கு மட்டும் பித்தளைக் கவசம். நடுக்குடத்துக்குள் எண்ணெயின் அழுத்தம் மாறினால் மூன்றும் ஒருசேரத் தத்தம் அச்சில் திரும்பும். கிளம்பும்போது காற்றைக் கொஞ்சங்கொஞ்சமாகக் கிள்ளும், வேகம் பிடித்ததும் வாரி வாரி எடுக்கும், சைக்கிளில் கியர் மாற்றுகிற மாதிரி என்று வருகிறவர் போகிறவருக்கெல்லாம் திருப்பிக் காட்டுவார். கொத்தனார் வந்தாலும் சம்பந்தி வந்தாலும் இதே பாடம்தான்.

அவர் இப்போது கூடத்துக் கட்டிலில், பக்கவாதம் வந்து பேச்சுப் போய், திண்டுகளில் சாய்ந்திருந்தார். சாகக் கிடக்கிறார் என்ற சேதி கேட்டு சிங்கப்பூரிலிருந்து வந்த மகனுக்கு லீவு முடிந்துவிட்டது. நாளை இரவு விமானம். அப்பா சாகவில்லை.

உயிர் எதையோ பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று அத்தைதான் முதலில் சொன்னாள். அதற்கு ஊரில் ஒரு வழி உண்டு. எதன்மேல் ஆசையோ அதைக் கரைத்து வாயில் ஊற்றினால் பிடி விட்டுவிடும். மண்ணாசை என்று வயல் மண்ணைக் கரைத்தார்கள். பொன்னாசை என்று அத்தையின் தோட்டை உரசினார்கள். இரண்டு முறையும் செம்மொழிதான் வாங்கிப்போய், அவரை நிமிர்த்தி உட்காரவைத்து ஸ்பூனால் கொடுத்தாள். அவர் சமர்த்தாக விழுங்கிவிட்டுத் தூங்கினார்.

மூச்சுக்குழாயும் சாப்பாட்டுக்குழாயும் அக்கம்பக்கம் இருப்பவை. விழுங்கும் நொடியில் ஒரு சின்ன மூடி மூச்சுக்குழாயின் வாயை அடைக்கும். அவருக்கு அந்த மூடி தாமதமாகத்தான் விழும். நிமிர்ந்து உட்கார்ந்து தாடையை நெஞ்சுப் பக்கம் தாழ்த்தினால் தப்பிக்கலாம். படுத்த வாக்கில் ஊற்றினால் நேரே நுரையீரலுக்குப் போகும். ஆஸ்பத்திரியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். முதலில் கூப்பிடுங்கள், கவனம் வாய்க்கு வரட்டும் என்றும் சொல்லியிருந்தார்கள். அதனால் ஒவ்வொரு வேளையும் செம்மொழி "அப்பா" என்பாள். உடனே வாய் திறக்கும். வேறு யார் கூப்பிட்டாலும் திறக்காது.

"நீ ஊருக்குப் போண்ணே. நான் பாத்துக்கறேன்," என்றாள் இப்போது.

"நான் போன பெறகு செத்தா? கொள்ளி யாரு வைப்பா, நீயா?"

"வைக்கிறேன்."

அத்தை சிரித்தாள். "கட்டுனவன் வீட்டுல இருக்கத் தெரியல. இவ கொள்ளி வைப்பாளாம்."

இளவழகன் தூளை உள்ளங்கையில் சேர்த்துக்கொண்டு எழுந்தான். குரலில் கோபமே இல்லை. "அப்பா சொன்னதைத்தான் சொல்றேன் மொழி. என்ஜின் நின்ன பெறகும் காத்தாடி சுத்தும். எதுக்க வர்ற காத்து சுத்த வைக்கும். கீழேருந்து பாக்குறவன் ப்ளேன் ஓடுதுன்னு நெனைப்பான். ஓடல. அந்தச் சுத்துதான் ப்ளேனைக் கீழ இழுக்குது. இவரு மூச்சும் அதுதான்."

அப்பாவின் பாடத்தை அவன் கேட்டிருக்கிறான் என்பதே அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நேத்து ரசஞ்சோறு வேணும்னு சாடை காட்டுனாரு. என்ஜின் நின்னவரா கேப்பாரு?"

அவன் தூளைப் பாலில் கொட்டினான். அது கரையாமல் மிதந்தது. அத்தை விரலால் அமுக்கிப் பார்த்தாள். விரலை எடுத்ததும் மேலே வந்தது.

சரி, வழக்கம்போல நீயே கொடு என்று அத்தை இறங்கிவந்தாள். ஸ்பூனை எடுத்துவரச் சொன்னாள். செம்மொழிக்கு நெஞ்சு லேசானது. தூளை மேலாக வழித்து எறிந்துவிட்டு வெறும் பாலைக் கொடுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டபடி அடுப்படிக்குப் போனாள். ஸ்பூனோடு திரும்பியபோது திண்டுகள் தரையில் கிடந்தன. அப்பா மல்லாந்து கிடந்தார். அத்தை அவர் தலையைத் தன் மடியில் அண்ணாத்திப் பிடித்திருந்தாள். இளவழகன் கிண்ணத்தை உதட்டில் வைத்திருந்தான். நல்லக்கண்ணுவின் பற்கள் கிட்டித்திருந்தன. கண்கள் மகனையே பார்த்தன. கன்னத்தை அமுக்கியும் வாய் திறக்கவில்லை. பால் காது வரைக்கும் வழிந்தது.

"அப்பா, வேணாம்..." என்று கத்தினாள்.

வாய் திறந்தது.

இளவழகன் ஊற்றினான். அவள் ஓடிவந்து அவன் கையைத் தட்டிவிட்டபோது கிண்ணம் பாதி காலியாகியிருந்தது. இருமுவதற்கும் பலம் வேண்டும். அவரிடம் அது இல்லை. தொண்டைக்குள் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது. செம்மொழி அவரைத் தூக்கி உட்காரவைத்தாள், குனிய வைத்தாள், முதுகில் தட்டினாள். மூக்கு வழியாகப் பால் வந்தது. பிறகு அதுவும் வரவில்லை.

"போயிருச்சு பாத்தியா," என்றாள் அத்தை. "காத்தாடி ஆசதான். நான் சொன்னேன்ல?"

இளவழகன் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். உண்மையாகவே அழுதான். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, பந்தலுக்கும் ஐஸ் பெட்டிக்கும் போன் செய்யப் போனான்.

சாயங்காலத்திலிருந்து ஊர் வந்துகொண்டிருந்தது. மகன் வரும்வரை உயிரைப் பிடித்துவைத்திருந்து, மகன் கையால் பால் குடித்துவிட்டுப் போன புண்ணியவான் என்று பேசிக்கொண்டார்கள். யார் வந்தாலும் அத்தை காற்றாடிக் கதையை முதலிலிருந்து ஆரம்பித்தாள். அதைப் பார்க்கக் கொல்லைப்பக்கம் ஆட்கள் போய்வந்தார்கள். செம்மொழியிடமும் சொன்னார்கள்: நீ கூப்பிட்டதும்தானாமே வாய் திறந்தார், கொடுத்துவைத்தவள்.

காலையில் பாடை வாசலுக்கு வந்ததும் பெண்களை வாய்க்கரிசி போட அழைத்தார்கள். விமானத்துக்கு நேரமாகிவிடும் என்று யாரோ அவசரப்படுத்தினார்கள். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்த நாடிக்கட்டைச் சற்றுத் தளர்த்தினார்கள். அத்தை போட்டாள். பங்காளி வீட்டுப் பெண்கள் போட்டார்கள். செம்மொழி குனிந்தாள். வலது கையில் அரிசி. அவள் "அப்பா" என்று கூப்பிடவில்லை. இடது கை தானாகவே அவர் கழுத்துக்குக் கீழே போய்த் தலையை உயர்த்தியது.

விறைத்த கழுத்து மடங்கவில்லை. தலையோடு சேர்ந்து தோள் இரண்டும் பாடையைவிட்டு எழும்பின. மாலை சரிந்தது. அவள் கையை எடுக்காமல், ஒவ்வொரு பருக்கையாக, தாடையைத் தாழ்த்திப் பிடித்துப் போட்டுக்கொண்டிருந்தாள்.