அடிக்கு அரை அங்குலம்

நில அளவைத் துறையில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்த பெரியவருக்கு ஒரே ஒரு பெருமைதான் உண்டு. ஆனால் அது நாலு பேருக்குப் பங்கு போட்டாலும் மிஞ்சும். அவர் கையெழுத்துப் போட்ட வரைபடம் ஒன்றுகூடப் பிழையென்று திரும்பி வந்தது கிடையாது. ஓய்வு பெற்ற பிறகும் அந்தக் கையெழுத்தை அவர் மலிவாக்கிவிடவில்லை. பேத்தியின் பள்ளியிலிருந்து வரும் சுற்றறிக்கையைக்கூட இரண்டு தடவை படித்த பிறகுதான் பேனா மூடியைத் திறப்பார்.

அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்கு மருமகளாக வந்தவளுக்கு எதைப் பார்த்தாலும் கை துறுதுறுக்கும். காலி அட்டைப்பெட்டி, அறுந்த நாடா, மாத்திரை தீர்ந்துபோன வெள்ளிக் காகிதம், ஐஸ் குச்சி, சட்டை கிழிந்தாலும் உடையாத பொத்தான், எதுவும் குப்பைக்கூடைக்குப் போய்ச் சேராது. வழியிலேயே அவள் மடக்கிவிடுவாள். மகளைப் பள்ளிக்கு அனுப்பி, துணி துவைத்து, சமையலை முடித்து, மூன்று வயது மகனைத் தூங்கவைத்தால், பிற்பகல் இரண்டு மணியிலிருந்து மூன்றரை வரை அவளுக்குச் சொந்தம். கூடத்துத் தரையில் செய்தித்தாளை விரித்து வெட்டுவாள், ஒட்டுவாள், தைப்பாள், நடுவில் தனக்குத்தானே சிரித்துக்கொள்வாள்.

"ஏம்மா, என் பல் தேய்க்கற பிரஷ்ஷையாவது விட்டு வைப்பியா?" என்று பெரியவர் ஒரு நாள் கேட்டார்.

"அது இன்னும் கொஞ்சம் தேயட்டும் மாமா. அடுத்த வாரம் எடுத்துக்கறேன்" என்றாள்.

பெரியவர் விறைப்பாகத் தன் அறைக்குப் போய்விட்டார். ஆனால் வீட்டுக்கு யாராவது வந்தால், அவள் நூல் சுற்றிச் செய்த விளக்குக் கூடு அவர்கள் கண்ணில் படும்படி நாற்காலியைத் திருப்பிப் போடுகிறவரும் அவர்தான்.

அந்த வாரம் பேத்தியின் வகுப்பில் ஒரு வேலை கொடுத்தார்கள். ஒவ்வொரு குழந்தையும் தன் வீட்டை மாதிரியாகச் செய்து கொண்டுவர வேண்டும். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் எல்லாவற்றையும் வரிசையாக வைப்பார்கள். போன வருடம் பாதிப் பேர் மாளிகை செய்துகொண்டு வந்தார்களாம். அதனால் இந்த வருடம் ஆசிரியை ஒரு சீட்டும் கொடுத்தனுப்பியிருந்தார். 'எங்கள் வீடு உள்ளபடி இதுவே' என்று எழுதி, கீழே வீட்டுப் பெரியவர் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

பெரியவருக்குக் கவலை பிடித்துக்கொண்டது. அதே வகுப்பில் அவருடைய பழைய உதவியாளரின் பேரனும் படிக்கிறான். அந்த உதவியாளர், இவரிடம் அளவுச் சங்கிலி பிடிக்கக் கற்றுக்கொண்டு, கடைசியில் இவர் பதவிக்கே வந்து ஓய்வு பெற்ற ஆள். திங்கட்கிழமை கண்டிப்பாக வந்து நிற்பான். மாதிரிக்கு முன்னால் குனிந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பான்.

"நான் அளந்து பார்க்காம எதுவும் வாசல்படி தாண்டக் கூடாது" என்று சொல்லிவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு மாதிரி தயார். பெரியவர் இரும்பு அடிக்கோலும் குறிப்பேடுமாக வந்து முக்காலியில் அமர்ந்தார். கூரை இல்லாத அட்டை வீடு கூடத்து நடுவே இருந்தது. மேலிருந்து பார்த்தால் எல்லா அறையும் தெரிந்தது. பேனா மூடி வாளியாகியிருந்தது. வெள்ளிக் காகிதம் நிலைக்கண்ணாடி. மேசைமேல் நாலு சட்டைப் பொத்தான்கள் தட்டுகள்.

பெரியவரின் விரல் கூடத்துச் சுவரில் நின்றது. "இது என்ன கோடு?"

"விரிசல் மாமா. அதோ, மேலே இருக்கே."

"விரிசலை எதுக்கும்மா ஊருக்குக் காட்டணும்?"

"தாத்தா, இருக்கறபடி செய்யணும்னு டீச்சர் சொன்னாங்க" என்றாள் பேத்தி. ஏழு வயது. எதிலும் மூக்கை நுழைப்பதால் வீட்டில் அவளுக்குச் சுண்டெலி என்று பெயர்.

பெரியவரின் பார்வை மாதிரியின் பின்கட்டுக்கு வந்தது. அங்கே நூல் கொடியில் கட்டைவிரல் நகமளவுக்கு ஒரு பனியன் தொங்கியது. மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தார். முதுகில் ஒரு ஓட்டை.

"இது யாரோடது?"

மருமகள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். சுண்டெலிதான் பதில் சொன்னாள். "உங்களோடதுதான் தாத்தா. அக்குள்லயும் ஒரு ஓட்டை இருக்கு. அது தெரியாதபடி அம்மா மடிச்சுப் போட்டிருக்காங்க."

"என் மானத்தை மடிச்சுப் போட்டதுக்கு ரொம்ப சந்தோஷம். முதல்ல அதை எடு."

"நீங்கதானே மாமா சொல்லுவீங்க, தரையில இருக்கறது தாள்ல இருக்கணும், தரையில இல்லாதது தாள்ல இருக்கக் கூடாதுன்னு" என்றாள் மருமகள், குரலை உயர்த்தாமல்.

அது அவர் தன் அலுவலகத்தில் நாளுக்கு நாலு தடவை சொன்ன விதி. அடிக்கோலை எடுத்து அளக்க ஆரம்பித்தார். ஓர் அடிக்கு அரை அங்குலம் என்பது கணக்கு. கூடம் பதினாலு அடி, அட்டையில் ஏழு அங்குலம். வாசல் கதவு ஏழடி, அட்டையில் மூன்றரை. சமையலறை ஜன்னல், குளியலறைப் படி, அலமாரி, எதுவும் மயிரிழை பிசகவில்லை.

"எதை வெச்சு அளந்தே?"

அவள் ஒரு நூல் உருண்டையை எடுத்து நீட்டினாள். அடிக்கு ஒரு முடிச்சு. பெரியவர் நூலை விரலிடையில் ஓடவிட்டுப் பார்த்தார். அவர் வெயிலில் இழுத்துத் திரிந்த சங்கிலியின் கைக்குழந்தை மாதிரி இருந்தது. உருண்டையைத் திருப்பிக் கொடுத்தார். ஆனாலும் ஒரு பிழையாவது கண்டுபிடிக்காமல் கையெழுத்துப் போட்டுப் பழக்கமில்லாத மனுஷர். மறுபடி குனிந்தார். சாப்பாட்டு மேசைக்கு வந்ததும் நிமிர்ந்தார்.

"பிடிச்சேன்!" என்றார். முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. "நான், என் மகன், நீ, பிள்ளைங்க ரெண்டு பேர். மொத்தம் அஞ்சு. நாற்காலி நாலுதான் செஞ்சிருக்கே."

"இருக்கறதே நாலுதான் மாமா."

"என்ன விளையாடறியா? எத்தனை வருஷமா அந்த மேசையில சாப்பிடறேன்?"

எழுந்து சாப்பாட்டறைக்குப் போனார். ஒவ்வொரு நாற்காலியின் முதுகிலும் கைவைத்து எண்ணினார். மேசையின் ஒரு பக்கம் சுவரோடு ஒட்டிக் கிடந்தது. மற்றப் பக்கங்களில் அவர் நாற்காலி, மகன் நாற்காலி, சுண்டெலி நாற்காலி. நாலாவதில் தலையணை போட்டிருந்தது, சின்னவனுக்கு. மறுபடி எண்ணினார். எண்ணிக்கை மாறவில்லை.

திரும்பி வந்து நின்றார். "அப்ப நீ எங்க உட்கார்றே?"

அவள் சிரித்தாள். "நானா..."

"அம்மா அடுப்பு மேடைகிட்ட நின்னுக்கிட்டே சாப்பிடுவாங்க. இதோ!" என்று சுண்டெலி மாதிரியின் சமையலறையைச் சுட்டினாள். மேடை ஓரத்தில் ஐந்தாவது பொத்தான் ஒன்று ஒட்டியிருந்தது. அளக்கும்போது பெரியவர் அதைப் பார்த்திருந்தார். ஏதோ பாத்திர மூடி என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தார்.

"சின்னவன் மேசைக்கு வந்ததும் என் நாற்காலியை அவனுக்குக் கொடுத்துட்டேன் மாமா. போன வருஷம். எனக்கு ஒண்ணும் குறையில்ல. பரிமாறிக்கிட்டே ரெண்டு வாய் போட்டுக்குவேன். பழகிப்போச்சு."

அவள் முறையிடவில்லை. குழம்புக்கு உப்புப் போட்டாயிற்று என்கிற மாதிரிதான் சொன்னாள். பெரியவருக்கு அதுதான் பொறுக்கவில்லை. ஒரு வருடம். ஊரான் நிலத்தில் ஒரு முழம் பிசகினால் கண்டுபிடித்தவர், தினம் மூன்று வேளை உட்கார்ந்த மேசையில் ஓர் ஆள் குறைவதைப் பார்க்கவில்லை. போய்ச் சேர்ந்துவிட்ட தன் மனைவி அந்த மேசையில் எந்தப் பக்கம் உட்கார்ந்தாள் என்று யோசித்தார். நினைவுக்கு வரவில்லை. மேலே யோசிக்கப் பயமாக இருந்தது.

சீட்டு எதிரே கிடந்தது. 'எங்கள் வீடு உள்ளபடி இதுவே.' விரிசல் போகட்டும், பனியன் போகட்டும். இந்தக் குடும்பத்து மருமகளுக்கு உட்கார இடமில்லை என்று, தன் கையாலேயே அத்தாட்சி எழுதி அனுப்புவதா?

"ஒரு நாற்காலி செஞ்சு வெச்சிடு. உனக்கு அஞ்சு நிமிஷ வேலை."

"இல்லாததை எப்படி மாமா வைக்கறது? அப்புறம் நீங்களே கையெழுத்துப் போட மாட்டீங்க."

உண்மைதான். போட மாட்டார்.

அந்த நேரம் பார்த்து மகன் கொட்டாவி விட்டுக்கொண்டு அறையிலிருந்து வந்தான். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவன்.

"வாப்பா. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டிவிடறே. உன் பெண்டாட்டி எங்க உட்கார்ந்து சாப்பிடறான்னு உன் கண்ணுக்குத் தெரியுதா?"

"அவ அப்புறம் சாப்பிடறேன்னு சொல்லுவாப்பா."

"அப்புறம்னா எங்கே?"

மகன் மனைவியைப் பார்த்தான், மேசையைப் பார்த்தான். பிறகு மெல்லக் கேட்டான், "உங்களுக்குத் தெரியுமாப்பா?"

"பேச்சை மாத்தாதே!" என்று சொல்லிவிட்டுப் பெரியவர் விறுவிறுவென்று தன் அறைக்குள் போனார்.

உள்ளே எதையோ இழுக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தது அவருடைய அலுவலக நாற்காலி. கைப்பிடி வைத்து, முதுகு உயர்ந்து, தோல் இருக்கை போட்டது. ஓய்வு பெற்ற அன்று கேட்டு, விலை கொடுத்து வாங்கி வந்தது. அதில் வேறு யாரும் உட்கார்ந்ததில்லை. ஒரு தடவை சுண்டெலி ஏறி நின்றதற்கு வீடு இரண்டு பட்டது.

"நான் பிடிக்கறேன்பா" என்று மகன் ஓடி வந்தான்.

"நீ மேசையைப் பிடி. சுவரை விட்டு ரெண்டடி தள்ளு."

மேசையை நகர்த்தினார்கள். பின்னால் இரண்டு மெழுகு வண்ணக் குச்சி, ஒரு காலுறை, மூன்று மாதமாகத் தேடிய கத்தரிக்கோல், எல்லாம் கிடந்தன. மருமகள் கத்தரிக்கோலைப் பார்த்துத் தொலைந்த பிள்ளை திரும்பி வந்தது போல எடுத்துக்கொண்டாள். பெரியவர் அடிக்கோலால் அளந்து, நடு மையம் பார்த்து, சுவர்ப் பக்கத்தில் தன் நாற்காலியைப் போட்டார்.

"இது உன்னோடது" என்றார். "தரையில வந்தாச்சு. இனிமே அட்டையில வைக்கலாம் இல்லையா?"

நாற்காலியின் கைப்பிடியைத் தடவினாள். பிறகு, "மாமா, மேசையை அட்டையில பசை போட்டு ஒட்டிட்டேனே. இப்ப அதையும் பிய்க்கணும்" என்றாள். கண்ணும் சிரிப்பும் ஒரே நேரத்தில் ததும்பின.

அன்று விளக்கேற்றியதும் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். பரீட்சை எழுத வந்தவள் போல அவள் நாற்காலியின் நுனியில் அமர்ந்தாள். தண்ணீர் எடுக்க எழுந்தாள். பெரியவர் மகனைப் பார்த்தார். மகன் எழுந்துபோய்க் கொண்டுவந்தான். கரண்டிக்காக எழுந்தாள். மறுபடி பார்த்தார். மறுபடி அவனே போனான். மூன்றாவது தடவை அவள் எழவில்லை. முதல் வாயைப் போட்டுக்கொண்டவள் திடுக்கிட்டது போல நிமிர்ந்தாள்.

"சூடா இருக்கே!" என்றாள்.

"சாப்பாடு சூடாத்தான் இருக்கும்" என்றான் கணவன்.

"உனக்கு இருக்கும்" என்றாள்.

சுண்டெலி சிரித்த சிரிப்பில் சின்னவனும் காரணம் தெரியாமல் சிரித்தான். ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே அவள் மறு கையால் முடிச்சு நூலை எடுத்து நாற்காலியின் கைப்பிடியை அளந்தாள். சாப்பாட்டு நேரத்தில் என்ன இது என்று பெரியவர் வழக்கம்போல் கேட்டிருப்பார். அன்று கேட்கவில்லை.

எட்டு மணிக்குள் தீக்குச்சியில் கால், பழைய பணப்பையின் தோலில் இருக்கை என்று ஐந்தாவது நாற்காலி உருவாகிவிட்டது. சமையலறை மேடையிலிருந்த பொத்தான் மேசைக்கு வந்தது. பெரியவர் இருக்கையின் உயரத்தை அளந்தார். முக்கால் அங்குலம். பேனா மூடியைத் திறந்தார். முப்பத்தாறு வருடப் பழக்கத்தில் கையெழுத்துக்குக் கீழே தேதியும் போட்டார்.

திங்கட்கிழமை அவர் நினைத்தபடியே நடந்தது. பழைய உதவியாளர் மாதிரிக்கு முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்தார்.

"ஐயா, பனியன்ல ஓட்டை இருக்கே!"

"ரெண்டு இருக்கு. நீ இன்னும் சரியாப் பார்க்கப் பழகலை."

உதவியாளர் சிரித்துக்கொண்டே சாப்பாட்டறைக்கு நகர்ந்தார். "அட, இது நம்ம ஆபீஸ் நாற்காலி இல்ல? அப்பல்லாம் தொடவே விடமாட்டீங்களே! இதுல யாரு உட்கார்றாங்க?"

"என் மருமக" என்றார் பெரியவர். முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது. "இதைச் செஞ்சவளும் அவதான். சந்தேகம் இருந்தா வீட்டுக்கு வா, அளந்து பாரு. சாப்பிட்டுட்டுப் போகலாம்."

வீட்டுக்குத் திரும்பும் வழியில் மருமகள், ஒரு கையில் சின்னவனும் மறு கையில் பள்ளி வாசலில் பொறுக்கிய காலி அட்டைப்பெட்டியுமாக, பக்கத்தில் நடந்து வந்தாள்.

"மாமா, அவர் சாப்பிட வந்தா எங்க உட்காருவார்?"

பெரியவர் யோசித்தார்.

"அவன் நிக்கட்டும்" என்றார்.