எதுவும் ஒட்டாத மதில்

என் மச்சினன் வேதமாணிக்கம் பம்பாயிலிருந்து ஒரு டின்னோடு வந்து இறங்காமல் இருந்திருந்தால், இன்றைக்கும் நான் பாறசாலை சர்க்கார் பள்ளிக்கூடத்தில்தான் கணக்குப் பாடம் எடுத்துக்கொண்டிருப்பேன்.

என் வீட்டு மதில் ரோட்டோரம். எங்கள் ஊர் தமிழ்ப் பக்கமா மலையாளப் பக்கமா என்ற எல்லைப் போராட்டம் சூடுபிடித்ததும் தமிழ்க் கட்சிக்காரர்கள் இடது பாதியில் தாரால் கோஷம் எழுதினார்கள். மறுநாள் மலையாளக் கட்சிக்காரர்கள் வலது பாதியில் எழுதினார்கள். மதில் என்னுடையது என்ற நினைப்பு ஒருத்தனுக்கும் இல்லை. பள்ளி இன்ஸ்பெக்டரோ, "திங்கட்கிழமை வருவேன். மதிலில் ஒரு எழுத்து கண்டாலும் ஒற்றசேகரமங்கலத்துக்கு மாற்றம்" என்றுவிட்டார். என் மனைவி கிருபாபாய்க்கு ஒன்பதாம் மாதம். இவளை விட்டுவிட்டு அந்த மலையோரத்துக்கு எப்படிப் போவேன்?

"பயப்படாண்டாம் அத்தான்," என்றான் வேதமாணிக்கம். "வெள்ளையடிச்சு, மேல இந்த மருந்த அடிச்சா தண்ணியும் ஒட்டாது, எண்ணையும் ஒட்டாது. எவன் எழுதினாலும் வழிஞ்சு போவும் ஆக்கும்!"

சனிக்கிழமை வெள்ளையடித்தோம். காய்ந்ததும் மூட்டைப்பூச்சி மருந்தடிக்கும் பம்பால் அவன் டின்னைக் காலி செய்தான். தண்ணீர் ஊற்றினேன், உருண்டு ஓடியது. தேங்காயெண்ணெய் ஊற்றினேன், அதுவும் ஓடியது. சின்னப்பிள்ளை மாதிரி கைதட்டினேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து பார்த்தால், வெயிலில் பழைய தார் இளகி, சுண்ணாம்புக்கு மேலே இரண்டு கோஷமும் பளிச்சென்று நிற்கிறது! மறுபடி வெள்ளையடித்தேன். சுண்ணாம்பு ஒட்டினால்தானே? பாழாய்ப்போனவன், எழுத்துக்கு அல்லவா காவல் போட்டிருக்கிறான்!

"மதில இடிச்சுப் போடுங்க," என்றாள் கிருபாபாய்.

திங்கள் காலை கடப்பாரையை வலது பாதியில் போட்டேன். தமிழ்க் கட்சிக்காரர்கள் சந்தோஷமாக ஓடிவந்து கைகொடுத்தார்கள். அதைப் பார்த்து மலையாளக் கட்சிக்காரர்கள் இடது பாதியை இடிக்க வந்தார்கள். அரைமணி நேரத்தில் மதில் தரைமட்டம்.

வேலை செய்தவர்களை வெறும் வயிற்றோடு அனுப்புவது எப்படி? எல்லோருக்கும் பாலில்லாத கட்டன்சாயாவும் அவித்த மரச்சீனிக் கிழங்கும் கொடுத்தோம். அந்த நேரம் பார்த்து இன்ஸ்பெக்டர் வந்து நின்றார்.

"ரெண்டு கட்சிக்கும் உம்ம வீட்டிலயா வே மீட்டிங்?"

"எங்க கணக்கு சாரு பாவமாக்கும்!" என்று இரண்டு கட்சியும் ஒரே குரலில் கத்தி, இன்ஸ்பெக்டரின் காரை மறித்தன. அன்றைக்குப் பார்த்தா இவர்களுக்கு ஒற்றுமை வர வேண்டும்?

மறுநாள் மாற்ற உத்தரவு வந்தது. காரணம்: இரு கட்சிக்கும் தலைவர்.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிருபாபாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்:

"பிள்ளைய நான் எப்பிடியும் பெத்துக்கிடுவேன். நீங்க போறப்ப என் தம்பியையும் கூட்டிட்டுப் போங்க."