கடுகின் தலைமாட்டுத் துணி

பிறக்க வேண்டிய நாளுக்கு மூன்று மாதம் முன்னாலேயே அடித்துப் பிடித்து வந்துவிட்டவனுக்கு, மூச்சு விடுவதில் மட்டும் என்ன சோம்பலோ! கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபடி அடிக்கடி மறந்துவிடுவான். மெஷின் கத்தும். சிஸ்டர் ஓடிவந்து, கையை உள்ளே விட்டு, உள்ளங்காலில் ஒரு சுண்டு சுண்டுவாள். நினைவு வந்தவன் போல மறுபடி மூச்சு விடுவான். ஒரு கைக்குள் அடங்கிவிடுகிற அந்த உருவத்துக்குக் கடுகு என்று பெயர் வைத்ததும் அவள்தான்.

"கடுகு சிறுத்தாலும் காரம் குறையாதும்மா. நீங்க பாத்துக்கிட்டே இருங்க," என்பாள்.

அம்மா மெஷினை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இந்த மறதி தொடர்ந்தால் மறுபடி தொண்டையில் குழாய் இறக்க வேண்டும், அதை இந்த நுரையீரல் தாங்குவது சந்தேகம் என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அந்த வார்டில் ஒரு வழக்கம் உண்டு. பெற்றவள் ஒரு சின்னத் துணியை நெஞ்சோடு வைத்திருந்து கொடுப்பாள். அதைப் பிள்ளையின் தலைமாட்டில் வைப்பார்கள். தூக்க முடியாத பிள்ளைக்கு அவள் வாசனையாவது பக்கத்தில் இருக்கட்டுமே என்றுதான். அம்மாவும் கொடுத்துக்கொண்டுதான் இருந்தாள். கடுகும் மறந்துகொண்டுதான் இருந்தான்.

ஜன்னலோரப் பெட்டி காலியானதும் அவனை அதற்கு மாற்றினார்கள். அதோடு மறதி நின்றுபோயிற்று. ஒரு வாரமாக மெஷின் வாயைத் திறக்கவில்லை. வயிறு ஏற்கவில்லை என்று பாலைக்கூட நிறுத்தியிருந்தார்கள். ஊசி வழியாகச் சொட்டுவதுதான் ஆகாரம். ஆனாலும் பையனுக்குக் கன்னம் வைத்தது. டாக்டர் தராசைச் சந்தேகப்பட்டு வேறு தராசு கேட்டார். அதுவும் அதே எடையைத்தான் காட்டியது.

அன்று காலை அம்மா கவனித்தாள். தலைமாட்டுத் துணி நனைந்திருந்தது.

"பெட்டிக்குள்ள ஈரக்காத்துதானேம்மா விடுறோம்," என்றபடி சிஸ்டர் அதை எடுத்துக் கொடுத்தாள்.

அம்மா முகர்ந்து பார்த்தாள். பால் வாசம். இப்போதுதான் சுரந்தது போல வெதுவெதுப்பு. ஓரத்தில் மஞ்சள் நூல் தையல்.

"சிஸ்டர், இது என்னோடது இல்லையே!"

சிஸ்டர் தலையில் அடித்துக்கொண்டாள். "பெட்டிக்குக் கீழ டிராயர்ல இருந்துச்சும்மா. பெட்டி மாத்துன அன்னைக்கு உங்களுதுன்னு நெனச்சு வச்சுட்டேன். முன்னாடி இதுல இருந்த குழந்தையோட அம்மாவுது."

அந்தக் குழந்தை எங்கே என்று அம்மா கேட்கவில்லை. சிஸ்டரின் முகமே சொல்லிவிட்டது.

சிஸ்டர் அவசரமாக அம்மா கொண்டுவந்திருந்த துணியை வாங்கி உள்ளே வைத்தாள். அவள் கையை வெளியே எடுப்பதற்குள் மெஷின் அலறியது. உள்ளங்காலில் சுண்டினாள். மறுபடி சுண்டினாள். கடுகின் உதடு நீலமாகிக்கொண்டே போயிற்று. அம்மா என்ன செய்கிறோம் என்று தெரியாமலேயே, கைகூடக் கழுவாமல், அந்த ஈரத் துணியை உள்ளே திணித்தாள்.

மார்பு ஏறி இறங்கியது. கை கழுவாததற்குச் சிஸ்டர் திட்டவில்லை. அவளே அந்தத் துணியைத் தலைமாட்டில் சரியாக விரித்துவிட்டாள்.

மத்தியானம் துணிக்குச் சொந்தக்காரி வந்து வாசலில் நின்றாள்.

"எம் புள்ளையோட துணி ஒண்ணு இங்கயே தங்கிப்போச்சு. அதக் குடுத்துட்டீங்கன்னா போயிருவேன். எங்கிட்ட வேற எதுவும் இல்ல."

இல்லையென்று சொல்லிவிட அம்மாவுக்கு ஆசைதான். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு நாக்கு எழவில்லை. அவளைப் பெட்டியருகே கூட்டிப்போனாள்.

"அது உங்களுதுதான் அக்கா. ஆனா அத எடுத்தா இவன் மூச்ச விட்டுர்றான்."

அவள் கண்ணாடி வழியே வெகுநேரம் பார்த்தாள்.

"பால் வத்த மாத்திரை குடுத்தாங்க. வத்தல. நெஞ்சு கட்டிக்கிட்டு வலி உயிர் போச்சு," என்றாள். "ஒரு வாரமா வலியே இல்லம்மா. காலைல எந்திரிச்சா மாரு காலியா இருக்கு. யாரோ குடிச்சிட்டுப் போன மாதிரி."

அம்மாவுக்கு மயிர்க்கூச்செறிந்தது. பயமாக இருந்தது. பொறாமையாகவும் இருந்தது. பெற்றவள் நான், பால் யாருடையதோ! இருந்தும் வந்தவளின் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னும் கொஞ்ச நாளைக்கு வந்துட்டுப் போங்கக்கா. இவன் தேறுற வரைக்கும்."

"நான் எங்கம்மா வர்றேன்? அவன்தானே வர்றான்."

பெட்டிக்குள் கடுகு தூக்கத்தில் வாயைச் சப்புக்கொட்டினான். வந்தவள் திடுக்கிட்டு இரண்டு கையாலும் மார்பைப் பொத்திக்கொண்டாள். விரலிடுக்கில் ஈரம் படர்ந்தது.

"குடிக்கட்டும் அக்கா," என்றாள் அம்மா.