இடது காலுக்கு வேலையில்லாத வண்டி

மின்னி பே கடலோரத்திலிருந்து ஜங்லிகாட்டுக்கு ஏறும் மேட்டில் வண்டி முதல் தடவை குலுங்கியபோது மரகதம் ரோட்டைத்தான் திட்டினாள். போர்ட் பிளேரில் எது கெட்டாலும் முதலில் ரோட்டைத் திட்டுவது வழக்கம். ரோடும் அந்தத் திட்டுக்குத் தகுந்த மாதிரிதான் இருந்தது. ஆனால் மறுநாள் சமதரையில், புதுசாகத் தார் போட்ட இடத்திலேயே, வண்டி குளிர்ஜுரம் கண்டவன் மாதிரி நடுங்கியது. அப்போதுதான் கோளாறு வண்டியில் என்று அவளுக்குப் புரிந்தது.

அது சாதாரண வண்டி இல்லை. கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்கார மேனேஜர் ஊருக்கு மூட்டை கட்டியபோது விற்றுவிட்டுப் போன சீமைக் கார். மரகதத்தின் புருஷன், மரக் காண்டிராக்டர் திருநாவுக்கரசு, அதை வாங்கிக் கப்பலில் ஏற்றிக்கொண்டு வந்தார். சாத்தம் ஜெட்டியில் கிரேன் அதைத் தூக்கி இறக்கியதை ஊரே நின்று வேடிக்கை பார்த்தது. கிளட்ச் கிடையாது. ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு குச்சி, அவ்வளவுதான். குச்சியை ஓரிடத்தில் தள்ளிவிட்டு ஆக்சிலேட்டரை மிதித்தால் வண்டி தானே கியர் மாற்றிக்கொண்டு போகும். லாரி டிரைவர்கள் 'சோம்பேறி வண்டி' என்று சிரித்தார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், அவர்களுக்கென்ன, இரண்டு காலும் நன்றாக இருந்தது.

மரகதத்துக்குக் குழந்தையில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிவிட்டது. நடப்பாள், கம்பை ஊன்றிக் கொஞ்ச தூரம். மேடும் பள்ளமுமான இந்த ஊரில் கொஞ்ச தூரம் நடந்து எங்கே போவது? பஸ் படி அவள் இடுப்பு உயரம். கண்டக்டர் கையைப் பிடித்துத் தூக்குவான், உள்ளே இருக்கிற பெண்கள் 'பாவம்', 'பேச்சாரி' என்று ஆளுக்கொரு பாஷையில் உச்சுக்கொட்டுவார்கள். அதற்குப் பயந்தே கல்யாணமாகி வந்த புதிதில் வீட்டை விட்டு வெளியே வரமாட்டாள். படித்த படிப்பு டிரங்குப் பெட்டியில் கிடந்தது.

இந்த வண்டியில் இரண்டே மிதி. இரண்டும் வலது காலுக்கு. இடது கால் சும்மா ஓரமாகக் கிடக்கலாம், ஒருத்தரும் அதைக் கேள்வி கேட்கமாட்டார்கள். பயந்து பயந்து ஓட்டப் பழகினாள். அடுத்த வருஷமே பள்ளிக்கூடத்தில் டீச்சராகச் சேர்ந்துவிட்டாள். காலையில் மீன்காரிகளை ஹாரன் அடித்து ஒதுக்கிக்கொண்டு, சேலைத் தலைப்பைச் செருகிக்கொண்டு அவள் போகிற அழகே அழகு. அவளுக்கே தன்மேல் கொஞ்சம் கர்வம் வந்திருந்தது. வரட்டுமே.

அந்த வண்டிக்குத்தான் இப்போது ஜுரம்.

முதலில் குலுக்கல் மட்டும். பிறகு திணறல். நின்ற வண்டியை எடுக்க மிதித்தால் என்ஜின் உறுமும், சக்கரம் யோசிக்கும். யோசித்து யோசித்து, இவள் இன்னும் கொஞ்சம் மிதித்ததும், வெடுக்கென்று பாயும். என்ஜின் சூடானால் இன்னும் மோசம். ஒவ்வொரு முக்கிலும் கணபதியைக் கூப்பிட்டுக்கொண்டே ஓட்டினாள்.

புருஷன் மிடில் அந்தமான் காட்டுக் கேம்பில் இருந்தார். மரம் வெட்டுகிற பருவம், இப்போதைக்கு வரமுடியாது. லாஞ்ச் படகில் போன ஆளிடம் சொல்லி அனுப்பினாள். அதே ஆளிடம் பதில் வந்தது: "ஜம்புலிங்கத்துக்கிட்ட விடு. எப்படியாவது ஓட வைக்கச் சொல்லு."

ஜம்புலிங்கம் ஜங்லிகாட்டில் லாஞ்ச் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தான். இந்தத் தீவிலேயே பிறந்து வளர்ந்தவன், நல்ல கைக்காரன், அதைவிட நல்ல மனசுக்காரன். இங்கே ஒரு சாமான் உடைந்தால் அதே சாமானுக்குக் காத்திருப்பவன் முட்டாள். கப்பல் எப்போது வரும், அதில் என்ன வரும் என்று யாருக்கும் தெரியாது. அதனால் கையில் இருப்பதை மாட்டிவிடுவார்கள். ரைஸ் மில் என்ஜினில் படகு ஓடும். சண்டைக் காலத்தில் ஜப்பான்காரன் விட்டுப்போன லாரியின் அச்சில் மாட்டுவண்டி ஓடும். அந்த வித்தையில் ஜம்புலிங்கம் ராஜா.

அவன் வண்டிக்கடியில் படுத்து, எழுந்து, தலையைச் சொறிந்தான்.

"இதுக்குள்ள என்ன இருக்குன்னே புரியல அக்கா. எண்ணெய்லயே ஓடுற கியர் இது. அந்த எண்ணெய் கெட்டுக் கறுத்துப்போச்சு. இதுக்குன்னு ஒரு செவப்பு எண்ணெய் இருக்காம், மெயின்லேண்டுலதான் கெடைக்கும். கப்பல்ல சொல்லிவிட்ருக்கேன்."

"எப்ப வரும் தம்பி?"

"ஆ ஜாயேகா அக்கா. வரும்."

கப்பல் வந்தது. வெங்காயம் வந்தது, சிமெண்ட் வந்தது, ஏதோ ஆபீசருடைய நாய்கூட வந்தது. எண்ணெய் வரவில்லை. அதற்கடுத்த கப்பல் புயல் என்று மெட்ராஸிலேயே நின்றுவிட்டது. மரகதத்தின் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் ஜம்புலிங்கம் லாஞ்ச் கியருக்கு ஊற்றுகிற எண்ணெயை ஊற்றிக் கொடுத்தான்.

என்ன அதிசயமோ, குலுக்கல் நின்றது. அன்றைக்கு அவள் வேண்டுமென்றே கடற்கரை ரோட்டில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள். ஜம்புலிங்கத்துக்குப் பாயசம் கொடுத்தனுப்பினாள்.

பாயசம் செரிப்பதற்குள் பழைய கதை திரும்பிவிட்டது. பள்ளிக்கூடம் விடுகிற நேரம், மேட்டுக்கு நடுவில், பின்னால் ஒரு பஸ் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. இவள் மிதிக்கிறாள், என்ஜின் கத்துகிறது, வண்டி நகரவில்லை. நகரவில்லை என்றால் பரவாயில்லை, பின்னால் உருள ஆரம்பித்தது. காலை எடுத்துப் பிரேக்கில் வைத்தாள். நின்றது. மறுபடி ஆக்சிலேட்டருக்குக் காலை மாற்றினாள், மறுபடி உருண்டது. வேறு யாராக இருந்தாலும் ஒரு காலைப் பிரேக்கில் வைத்துக்கொண்டு மற்றதால் ஆக்சிலேட்டரைக் கொடுத்திருப்பார்கள். அவளுக்கு இருந்தது ஒரே கால். பிரேக்கை விட்டால் பஸ்ஸில் மோதும், விடாவிட்டால் விடிய விடிய அங்கேயே நிற்கவேண்டியதுதான். பஸ்காரன் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை. கடைசியில் கடைக்காரர்கள் நாலைந்து பேர் வந்து தள்ளி ஓரம் கட்டினார்கள். கம்பை எடுத்துக்கொண்டு அவள் இறங்கியபோது பஸ் ஜன்னலிலிருந்து ஒரு அம்மாள் சொன்னாள், "அய்யோ பாவம்."

அந்த ஒரு சொல்லை எத்தனை நாளாக அவள் கேட்காமல் இருந்தாள். வீட்டுக்குப் போய் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். தன் மேலேயே எரிச்சல் வந்தது. யாரைத் திட்டுவது? கப்பலையா, எண்ணெயையா, காய்ச்சல் வந்த அந்தக் காலத்தையா?

வண்டி பட்டறைக்குப் போனது. மரகதம் லீவு போட்டாள், லீவு தீர்ந்ததும் சம்பளமில்லாத லீவு போட்டாள். பூஜை விடுமுறை முடிந்ததும் கட்டாயம் வந்துவிடுவேன் என்று தலைமையாசிரியை சந்திரமதிக்குச் சொல்லி அனுப்பினாள். சந்திரமதி நல்லவள்தான், "அதுக்கு மேல என்னால நிறுத்தி வைக்க முடியாது மரகதம், வேற ஆள் போட்ருவாங்க" என்று வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போனாள். மரகதம் பட்டறைக்கு ஆள் அனுப்பிக்கொண்டே இருந்தாள். "அக்காவ இங்க வரவேணாம்னு சொல்லு. ஆச்சரியமா இருக்கணும்" என்பதுதான் ஒவ்வொரு தடவையும் ஜம்புலிங்கத்தின் பதில்.

பூஜை விடுமுறையின் கடைசி நாள் காலையில் திருநாவுக்கரசு கேம்பிலிருந்து வந்து இறங்கினார். வந்த கையோடு, குளிக்கக்கூட இல்லாமல், "கிளம்பு, வண்டி ரெடியாம்" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. டாக்சி பிடித்து அவளைப் பட்டறைக்குக் கூட்டிப்போனார்.

பட்டறையில் கல்யாண வீடு மாதிரி கூட்டம். வண்டியைக் கழுவித் துடைத்து, சந்தனம் வைத்து, மாலை போட்டு, சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். ஜம்புலிங்கம் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டான். அவன் கண் தூக்கமில்லாமல் சிவந்திருந்தது.

"உக்காருங்க அக்கா. மொதல்ல நீங்கதான் ஓட்டணும். அதுக்காகத்தான் வேற யாரையும் ஓட்ட விடல."

அவள் உட்கார்ந்தாள். எப்போதும் போலக் கையால் இடது காலை எடுத்து உள்ளே வைத்தாள். வைக்கப்போன இடத்தில் ஏதோ இடித்தது. குனிந்து பார்த்தாள். மூன்றாவதாக ஒரு மிதி இருந்தது. பக்கத்தில் தரையிலிருந்து ஒரு கியர் ராடு முளைத்து நின்றது.

"பட்டாளத்துல ஏலம் விட்ட டிஸ்போசல் ஜீப்போட கியர்பாக்ஸ் அக்கா. அந்தச் சோம்பேறிப் பெட்டிய அறுத்துக் கடாசிட்டோம். எவ்வளவு வெல்டிங் தெரியுமா? இனிமே குலுக்கல் இல்ல, திணறல் இல்ல, எந்தக் கப்பலுக்கும் காத்துக் கெடக்க வேணாம். கிளட்ச்ச மிதிச்சு ஃபர்ஸ்ட்ல போடுங்க. பக்கா."

மரகதம் புருஷனைப் பார்த்தாள். அவர் இடுப்பில் கைவைத்து நின்று, பக்கத்தில் நின்றவரிடம் வெல்டிங்கைக் காட்டிப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். கட்டிய புருஷனுக்குமா மறந்துபோனது? அவளுக்குக் கோபம் வந்தது, வந்த வேகத்தில் ஓடிப்போனது. இத்தனை நாளாக ஸ்டியரிங்குக்குப் பின்னால் அவளைப் பார்த்துப் பார்த்து, எல்லோரையும் போல ஒருத்தி என்று இவர்கள் பழகிவிட்டார்கள். அவள் ஆசைப்பட்டதும் அதைத்தானே. இப்போது வாயைத் திறந்து என்னவென்று சொல்வது?

இரண்டு கையாலும் இடது காலைத் தூக்கிக் கிளட்ச் மேல் வைத்தாள். மிதி அசையவில்லை.

"புது ஸ்பிரிங்கு அக்கா, கொஞ்சம் டைட்டா இருக்கும்" என்றான் ஜம்புலிங்கம். "நல்லா அழுத்துங்க."

அவள் முழங்கால்மேல் இரண்டு கையையும் வைத்து, உடம்பு பாரத்தையெல்லாம் கொடுத்து அழுத்தினாள். கால் நழுவிப் பக்கத்தில் விழுந்தது.

திருநாவுக்கரசின் பேச்சு பாதியில் நின்றது. ஜம்புலிங்கம் அவளுடைய கையைப் பார்த்தான், பிறகு காலைப் பார்த்தான். அவன் முகம் வெளுத்துக்கொண்டே வந்தது.

"பழையத மறுபடி மாட்ட முடியுமா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"அறுத்துட்டோமே அக்கா" என்றான். "துண்டு துண்டா."

திருநாவுக்கரசு "மரகதம்" என்று கிட்டே வந்தார். அவள் அவரை நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தால் அழுதுவிடுவோம் என்று தெரியும்.

"நல்லாத்தான் பண்ணிருக்க தம்பி, உன்மேல தப்பில்ல" என்றாள். பிறகு கையை ஊன்றி, காலை இழுத்துக்கொண்டு, பக்கத்து சீட்டுக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். "வா, நீ ஓட்டு."